ஐந்தாவது டியூப்

நோயல் க்ராஸ்லி தன் எழுபத்தோரு வருட வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னவர் இல்லை. கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷனுக்குப் பொய் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள் பாதிதான் என்று இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். அவர் சொன்ன ஒரே ஒரு பெரிய பொய்யைச் சொல்ல அரை நொடி கூட ஆகவில்லை. அது தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாகப் பல வருடம் உள்ளே கிடந்தது. இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

பதினாறு வயதில் வாடகைக்கு டிவி விடும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார் நோயல். அந்தக் காலத்தில் டிவியை யாரும் வாங்க மாட்டார்கள், வாடகைக்குத்தான் எடுப்பார்கள். பெட்டி படுத்துக்கொண்டால் கடைக்குப் போன் வரும். நோயல் வேனை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்குவார். சனிக்கிழமை மத்தியானம் டிவியில் மல்யுத்தம் தொடங்கும் நேரத்தில் படம் போய்விட்ட வீட்டுக்குள் அவர் நுழைந்தால், டாக்டரைப் பார்த்ததுபோல வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

பிறகு கலர் டிவி வந்தது. முதலாளி பழைய பெட்டிகளையெல்லாம் ஒழித்துக்கட்டச் சொன்னார். பின்பக்க முற்றத்தில் நோயல்தான் அதைச் செய்தார். படம் காட்டும் பிக்சர் டியூபைச் சும்மா குப்பையில் போட முடியாது. உள்ளே காற்றே இல்லாத கண்ணாடிக் குடம் அது. யாராவது மிதித்தால் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும். அதனால் மேலே சாக்கைப் போர்த்தி, கழுத்தில் இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கும். முந்நூறு டியூபாவது அப்படித் தட்டியிருப்பார். கடைசியில் சாமான் அறையின் மூலையில் ஐந்து புத்தம் புது டியூப்கள் கிடைத்தன. பன்னிரண்டு அங்குல வட்ட டியூப்கள், அட்டைப்பெட்டி பிரிக்காதவை. நான்கைத் தட்டினார். ஐந்தாவதைத் தட்டக் கை எழவில்லை, பெட்டியோடு வேனில் ஏற்றிக்கொண்டார். அன்று ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு அதே பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பது நோயலின் பொழுதுபோக்கு ஆனது. கொன்றவனே வந்து பிழைக்க வைக்கிறான் என்று சங்கச் செயலாளர் ட்ரெவர் சொல்வார். சங்கம் என்றால் இருபது இருபத்திரண்டு கிழவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தின் ஹாலில் கூடி, பழைய பெட்டிகளின் வால்வுகளை மாற்றிக்கொள்வார்கள், டீ குடிப்பார்கள், சண்டை போடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு மதம் உண்டு. அதன் முதல் கட்டளை, கண்டெடுத்த பெட்டியை நேராக மின்சாரத்தில் சொருகாதே என்பது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் மெழுகுக் கெப்பாசிட்டர்கள் அறுபது வருடத்தில் கெட்டுப் போயிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பழைய அட்டைக் கூட்டைக் குடைந்து, அதற்குள் புதுச் சரக்கை வைத்து, மெழுகால் மூடி, வெளியே தெரியாமல் திரும்ப வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நேராகச் சொருகக் கூடாது. நடுவில் ஒரு சாதாரண குண்டு பல்பைப் போட வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ கோளாறு. எரிந்து, பிறகு மங்கினால் பெட்டி பிழைக்கும்.

இந்தக் கட்டளையை மீறித்தான் லெஸ்லி ஹார்க்ரீவ்ஸ் சங்கத்துக்குள் நுழைந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஆப்பம் வைக்கலாம் போன்ற அகலமான கை. முதல் கூட்டத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் சந்தோஷமாகச் சொருகினார். ஹால் முழுக்கப் புகை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வாசலில் மழையில் நின்றபோது, "புகை லெஸ் வந்துட்டாரு, இனிமே நமக்கு ஹீட்டர் வேண்டாம்" என்றார் நோயல். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லெஸ்லியே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார், சிரித்துக்கொண்டே. அவருக்குக் கோபமே வராது, அதுவே நோயலுக்குச் சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பொய் பிறந்ததும் சேப்பல் ஹாலில்தான். டீ பாய்லரைச் சுற்றி எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். லெஸ்லி ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்தபடி வந்தார்.

"நோயல், பன்னெண்டு அங்குல வட்ட டியூப் ஒண்ணு வேணும்ப்பா. எம் பொண்டாட்டி மேவிஸோட அப்பா பெட்டி. ராணியோட முடிசூட்டு விழாவப் பாக்க வாங்கினது. அதுல இருக்கிற டியூப்புல படமே தெரியல, பனிமூட்டத்துல பஸ் ஓட்டுற மாதிரி இருக்கு. உங்கிட்ட இருக்கா?"

ஐந்தாவது டியூப் இருந்த அந்த அட்டைப்பெட்டி நோயலின் படுக்கையறை அலமாரியின் மேல் இருந்தது. லெஸ்லி சொன்ன அதே மாதிரி டிவி ஒன்று நோயலிடமும் நல்ல படத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் டியூப் என்றைக்காவது போனால் போட என்று வைத்திருந்த டியூப் அது. சீல் கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் அதன் மதிப்பு போய்விடும் என்பது அவர்கள் மதத்தின் இன்னொரு கட்டளை. இதைப் போய்ப் புகை லெஸ் கையில் கொடுப்பதா? கொடுத்த அன்றைக்கே சாம்பலாக்கிவிடுவாரே?

"இல்லப்பா," என்றார் நோயல். "முப்பது வருஷமா கண்ணாலயே பாக்கல."

"உங்கிட்டயே இல்லேன்னா இந்த நாட்டுலயே இல்ல," என்று லெஸ்லி நோயலின் தோளில் தட்டினார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு டீ வாங்கி, ஒன்றை நோயலிடமே கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று நோயல் நினைத்தார். பரண் சுத்தம் பண்ணினேன், ஒன்று அகப்பட்டது என்று. அடுத்த கூட்டத்தில் லெஸ்லி டியூப் தேடி ஹாலந்துக்குக் கடிதம் போட்ட கதையைச் சொன்னார், பேச்சு அப்படியே போய்விட்டது. அதற்கடுத்த கூட்டத்தில் அயர்லாந்து. சங்கப் பத்திரிகையில் கூட விளம்பரம் கொடுத்தார், அதைத் திருத்தித் தந்ததே நோயல்தான். ஒவ்வொரு தடவையும் சொல்வது முன்னைவிடக் கஷ்டமானது. ஒரு வருடம் கழித்து லெஸ்லி கேட்பதை நிறுத்திக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது நோயலுக்கு. அப்படி இருந்ததை நினைத்துத்தான் பிற்பாடு அவர் கூனிக் குறுகினார்.

அந்த அலமாரியை அவர் அதன்பிறகு நிமிர்ந்து பார்ப்பதில்லை. அட்டைப்பெட்டி மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்தார்.

2009 பிப்ரவரியில் லெஸ்லி இறந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். சங்கத்தில் ஒருவர் போனால் மற்றவர்கள் போய் அவர் வீட்டுத் தோட்டத்துப் பட்டறைக் கொட்டகையை ஒழித்துத் தருவது வழக்கம். வீட்டுக்காரி எதை வேண்டுமென்று சொல்கிறாளோ அது அவளுக்கு, மீதி தேவைப்பட்டவர்களுக்கு. குப்பை எது, பொக்கிஷம் எது என்று அவளுக்குத் தெரியாது, வருகிறவனுடைய யோக்கியதையைத்தான் நம்ப வேண்டும். அதனால் யாரை அனுப்புவது என்பதில் சங்கம் கவனமாக இருக்கும். மேவிஸ் நோயலைக் கேட்டாள்.

"அவரு யாரையும் கொட்டகைக்குள்ள விடமாட்டாரு. உன்னத்தான் விடுவாரு," என்று சாவியை நோயலின் கையில் வைத்தாள். குட்டையான, சுறுசுறுப்பான பெண் மேவிஸ். நாற்பது வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். அன்று நின்றுகொண்டிருந்தாள்.

கொட்டகை நடுவில், ஒரு படுக்கை விரிப்புக்குக் கீழே, அந்தப் பெட்டி இருந்தது. வால்நட் மரம். லெஸ்லி அதற்கு மெருகேற்றியிருந்தார். சுவரில் ஆணியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கியது. பெட்டியின் பின்பக்கத்துத் திருகைத் திருப்பும்போது முன்பக்கப் படம் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோரும் வைத்திருப்பதுதான். நோயல் தன் வீட்டில் தன்னுடையதை நாற்காலியில் சாய்த்து வைப்பார்.

"எத்தன நாளு அந்தக் கண்ணாடியப் புடிச்சிட்டு நின்னிருக்கேன் தெரியுமா?" என்றாள் மேவிஸ். "கை கடுத்துப் போயிரும். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'பாரு. அடுப்புல கறி கருகும்."

"இது உனக்கு வேணும் இல்லையா, மேவிஸ்?"

"வேணும்னா? எங்கப்பா பெட்டிப்பா அது. முடிசூட்டு விழா அன்னைக்குத் தெருவே எங்க வீட்டுக்குள்ள. கடைசியா ஒருத்தன் வந்தான், பூட்ஸெல்லாம் சேறு. கழட்டிட்டு வாடான்னேன். சாக்ஸுல பெருவிரல் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ராணிய எங்க பாத்தேன், லெஸ்ஸோட அந்த வெரலத்தான் பாத்துட்டு இருந்தேன்." அவள் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். "செப்டம்பர்ல எங்களுக்கு அம்பதாவது கல்யாண நாள். அன்னைக்கு இதுல படம் காட்டுறேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. உன்னால முடியுமா, நோயல்? ஒரே ஒரு நாளு எரிஞ்சாப் போதும்."

நோயல் பின்பக்க அட்டையைக் கழற்றினார். டியூபின் கழுத்து உள்ளே கருகிக் கிடப்பதைப் பார்த்ததும், "டியூப் செத்துப்போச்சே. படம் மங்கலா இருக்குன்னுதானே சொன்னாரு?" என்றார்.

"அவருதான் சாகடிச்சாரு," என்றாள் மேவிஸ். "எங்கயும் கெடைக்கலேன்னு ஆயிருச்சா, அப்புறம் இருக்கிறதயே உசுப்பி எழுப்பிப் பாக்குறேன்னு, கூட மின்சாரம் குடுத்துச் சூடேத்தினாரு. பத்து நிமிசம் பளிச்சினு எரிஞ்சுதாம். என்னக் கூப்பிட வீட்டுக்கு ஓடி வந்தாரு. நாங்க திரும்பிப் போறதுக்குள்ள அணைஞ்சு போச்சு. ரெண்டு நாளு யாரோடயும் பேசல. கொட்டகையப் பூட்டினவரு பூட்டினவருதான்."

நோயல் அட்டையைத் திரும்ப மாட்டினார். திருகு ஒன்று கைநழுவி விழுந்து எங்கோ உருண்டது. தேடுகிற சாக்கில் அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். மேசையில் தலைகீழாகக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்த்தார். லெஸ்லி எல்லாவற்றையும் முடித்திருந்தார். நாற்பத்திரண்டு கெப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றும் பழைய கூட்டுக்குள் புதுச் சரக்கு, மெழுகுப் பூச்சு சமமாக, எழுத்து வெளியே தெரியும்படி ஒரே திசையில் திருப்பி வைத்து. ஈயத்தால் பற்றவைத்த இடமெல்லாம் சுத்தமாக மின்னியது. நோயலின் கை கூட இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்ததில்லை. நடுவில் பல்பைப் போட்டுச் சொருகினார். பல்பு ஒருமுறை எரிந்தது, பதவிசாக மங்கியது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. குறையே இல்லை. நல்ல டியூப் ஒன்று வைத்திருந்தால் அன்றைக்கே படம் வந்திருக்கும். அந்தப் புகை லெஸ் எப்போதோ காணாமல் போயிருந்தார், தான் வைத்த பெயரை நம்பிக்கொண்டிருந்தது தான் மட்டும்தான் என்று நோயலுக்கு உறைத்தது.

அன்று மத்தியானமே அவர் அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். லெஸ்லியின் பெட்டியில் இதைப் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று கூட நினைத்துக்கொண்டார். சீலைப் பிரித்தார். வைக்கோலை விலக்கினார். கண்ணாடி அணிந்து, கையுறை போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

நல்ல டியூபின் கழுத்துக்குள்ளே கண்ணாடிமேல் வெள்ளி பூசியதுபோல ஒரு பளபளப்பு இருக்கும். உள்ளே காற்று புகுந்துவிட்டால் அது பாலாக வெளுத்துவிடும். இதில் பாலாக வெளுத்திருந்தது.

எங்கோ தலைமயிரை விட மெல்லிய ஒரு கீறல். எப்போது புகுந்தது? போன மாதமா, நாற்பது வருடம் முன்பு வேனில் குலுங்கியபோதா? லெஸ்லி கேட்ட அன்று இது உயிரோடு இருந்ததா? பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிரிக்காமலே காப்பாற்றி, மூடிவைத்து, ஒரு நல்ல மனுஷனிடம் பொய் சொல்லி, கடைசியில் ஒன்றுமில்லாத ஒரு கண்ணாடியை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். நோயல் கட்டிலில் உட்கார்ந்தார். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவமானம்தான் வந்தது, காது மடலெல்லாம் சுட்டது.

மறுநாள் தன் சொந்தப் பெட்டியைத் திறந்து, நல்ல டியூபைக் கழற்றி, லெஸ்லியின் பெட்டியில் பொருத்தினார்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மேவிஸ் வீட்டு முன்னறையில் பதினைந்து பேர். ஹாம் சாண்ட்விச், பன்றிக்கறி பை, பெரிய கேக். இந்தப் பெட்டிக்கு இன்றைய ஒளிபரப்பு புரியாது. அதற்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர ஒரு சின்னக் கருவியை ட்ரெவர் கொண்டுவந்திருந்தார். மேவிஸின் சித்தப்பா எடுத்த கல்யாணப் படத்தை டிஸ்க்கில் பதிந்தும் வைத்திருந்தார். நோயல் குமிழைத் திருப்பினார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் மெல்ல வெளிச்சம் ஊறி, சேப்பல் வாசலில் மழையில் நின்று சிரிக்கும் ஒரு நெட்டைப் பையன் தெரிந்தான். பக்கத்தில் அவன் தோளுயரம் கூட இல்லாத மேவிஸ்.

மேவிஸ் கையை வாயில் வைத்துக்கொண்டாள். படம் நான்கு நிமிடம் ஓடியது, திரும்பப் போடச் சொன்னாள், திரும்பப் போட்டார்கள்.

"நாடு பூரா தேடியும் கெடைக்கலேன்னாரே. நீ எங்கதான் புடிச்ச?" என்று அவள் கேட்டாள்.

நோயல் வாய் திறப்பதற்குள் ட்ரெவர் முந்திக்கொண்டார். "எங்கயும் புடிக்கல! தன்னோட பெட்டியிலேர்ந்து கழட்டிக் குடுத்துட்டாரு. இவரு பெட்டி இப்ப வெறும் பொட்டி. எவன் செய்வான் இத?"

எல்லோரும் கை தட்டினார்கள். மேவிஸ் எழுந்து வந்து நோயலின் கன்னத்தில் முத்தமிட்டாள். "லெஸ் எப்பவும் சொல்லுவாரு, நோயல்கிட்ட இருந்தா குடுத்திருவான்னு."

நோயலின் தட்டில் பை அப்படியே இருந்தது. யாரோ கேக் வைத்தார்கள், அதுவும் அப்படியே இருந்தது. கிளம்பும்போது மேவிஸிடம், இந்தப் பெட்டியைச் சும்மா வைக்கக் கூடாது, மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கெட்டுப்போகும் என்று மட்டும் சொன்னார். ட்ரெவர் சங்கப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். 'ஒரு நண்பனின் கொடை' என்று தலைப்பு. நோயல் அதை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார், பிறகு தொட்டியையே வெளியே கொண்டுபோய் வைத்தார்.

பழி விழுந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார். பாராட்டைத் தாங்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் வீட்டுச் சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேவிஸ், ஒண்ணு சொல்லணும்."

"உக்காந்து சொல்லேன். தொப்பிய ஏன் அந்தப் பிசை பிசையற?" அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"லெஸ் டியூப் கேட்டப்ப எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. பெட்டி பிரிக்காம. இல்லேன்னுட்டேன்."

கத்தி நின்றது. குழாயிலிருந்து சொட்டுவது கேட்டது.

"எப்ப கேட்டாரு?"

"நாலு வருஷம் இருக்கும். சேப்பல் ஹால்ல."

"அவரு அந்தப் பழச சூடேத்திச் சாகடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

மேவிஸ் கத்தியைத் தட்டின்மேல் வைத்தாள். "இப்ப எங்க அது?"

"காத்து புகுந்துருச்சு. இப்பத்தான் பிரிச்சேன். செத்துக் கெடந்துச்சு."

"அப்ப குடுத்திருந்தா?"

"நல்லாவும் இருந்திருக்கலாம். அப்பவே கெட்டுப் போயும் இருந்திருக்கலாம். தெரிஞ்சுக்க வழியே இல்ல, மேவிஸ்."

"ஏன் குடுக்கல?"

நோயலுக்குத் தயாராக நாலைந்து பதில் இருந்தது. அவற்றை விட்டுவிட்டார். "அவரு கையில குடுத்தா வீணாப் போயிரும்னு நெனச்சேன்."

"அவரு கையில," என்றாள் மேவிஸ். தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இத எங்கிட்ட எதுக்குச் சொன்ன?"

"மனசு தாங்கல."

"உன் மனசு தாங்கலேன்னு எம்மேல எறக்கி வெச்சிட்டியா? ரெண்டு வாரமா தெனமும் போட்டுப் பாத்துட்டு இருந்தேன். நாலே நிமிசம், அதுவே போதும்னு இருந்துச்சு. இனிமே அதப் போட்டா நான் யாரப் பாப்பேன்? லெஸ்ஸயா? பூட்டின கொட்டகையத்தான் பாப்பேன். உன்னத்தான் பாப்பேன்."

"எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"தொட்டுப் பாரு! அது எங்கப்பா பெட்டி." குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவளுக்கே கோபம் வந்தது. எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினாள். திரும்பியபோது முகம் மாறியிருந்தது, பள்ளிச் சமையலறையில் வாலாட்டும் பையனைப் பார்க்கிற முகம். "மாசம் ஒரு தடவ அரை மணி நேரம் ஓடணும்னு சொன்னீங்க இல்ல, மிஸ்டர் க்ராஸ்லி? நீங்களே வந்து ஓட்டுங்க. மொத ஞாயிறு, ரெண்டு மணிக்கு. பின்கதவு தொறந்திருக்கும். நான் கூட உக்கார மாட்டேன்."

அக்டோபர் முதல் ஞாயிறு நோயல் போனார். பின்கதவு திறந்திருந்தது. சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். அவர் முன்னறையில் பெட்டியைப் போட்டு, சரிபார்க்கும் வட்டமும் கட்டங்களும் உள்ள படத்தை ஓடவிட்டு, அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தார். கல்யாணப் படத்தைத் தொடவில்லை, அதற்கு உரிமை இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அணைத்ததும் படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்று, மெல்ல மறைந்தது. அது மறைகிறவரை இருந்துவிட்டுக் கிளம்பினார். டீ கிடையாது. பர்ன்லியில் வீட்டுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? நவம்பர், டிசம்பர், ஜனவரி. பனியில் ஒரு தடவை சறுக்கி விழுந்து, நொண்டிக்கொண்டே போனார். லெஸ்லியின் முதல் நினைவு நாள் வந்த மாதமும் போனார். சங்கத்தில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னார். டீ பாய்லர் பக்கம் நோயல் வந்தால் இப்போது பேச்சு கொஞ்சம் குறைகிறது.

ஏப்ரலில், அரை மணி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, ரேடியோ நின்றது. பாத்திரம் துடைக்கிற துணியோடு மேவிஸ் கதவருகே நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

"அந்த வட்டம் வட்டமாவே இல்லையே."

"கீழ கொஞ்சம் இழுக்குது," என்றார் நோயல் எழுந்து நின்று. "குளிருக்கு அப்படித்தான் ஆகும்."

"முட்ட மாதிரி இருக்கு. லெஸ் இத இப்படி விட்டிருக்க மாட்டாரு."

"விட்டிருக்க மாட்டாரு."

"அப்பத் திருப்புங்க."

"பின்னாடி இருக்கு திருகு. திருப்பினா எனக்குப் படம் தெரியாது. கண்ணாடி கொண்டுவரல."

மேவிஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கொட்டகைக் கதவு கிறீச்சிடுவது கேட்டது. ஆணியில் தொங்கிய அந்தக் கண்ணாடியோடு திரும்பி வந்து, பெட்டிக்கு முன்னால் சரியான தூரத்தில், சரியான உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நோயல் பெட்டிக்குப் பின்னால் முழங்கால் போட்டார். கண்ணாடியில் அந்தக் கோணல் வட்டம் தெரிந்தது. அதற்கு மேலே அவள் முகம். திருகை ஒரு நூல் திருப்பினார்.

"இன்னும் இல்ல," என்றாள் மேவிஸ், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

இன்னும் ஒரு நூல் திருப்பினார்.

"இன்னும் இல்ல. மெதுவா. எனக்கொண்ணும் அவசரமில்ல."